சாயம் கடந்த தட்டு

திருடிக்கொண்டு ஓடினாளாம்! யார் பார்த்தது? மாடி வீட்டம்மா பார்த்தாளா, அவள் புருஷன் பார்த்தானா? கையில் ஒரு டப்பாவோடு மருந்துக் கம்பெனி லேபை விட்டு வெளியே வந்தாள், அவ்வளவுதான். அதில் என்ன இருந்தது என்று கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. கதை கட்ட மட்டும் தெருவுக்கே வாய் இருக்கிறது.

அவளுக்குத் தெரு வைத்த பெயர் சொட்டுக்காரி. வீட்டிலும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவாள். "நீ சமைச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான்டி" என்பாள் அண்ணி. பதினோரு வருஷப் பழக்கம், கை மாறுமா? வேலையே அதுதான். தட்டு நிறையச் சின்னச் சின்னக் குழிகள், அடியில் சல்லடை. ஒவ்வொன்றிலும் கொழுப்பு கரைத்த எண்ணெய் ஒரு சொட்டு. அது படர்ந்து, குடல் சுவர் மாதிரி ஒரு படலமாகும். மேலே மருந்து, கீழே வெறும் தண்ணீர். சில மணி நேரம் கழித்து எவ்வளவு மருந்து கீழே இறங்கியது என்று அளப்பாள். கூடவே ஒரு மஞ்சள் சாயமும் கலப்பாள். நல்ல படலத்தை அந்தச் சாயம் தாண்டாது. தாண்டினால் படலம் ஓட்டை, அளந்தது செல்லாது.

அதற்கு முந்தின நாள் லேபுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பெரிய அதிகாரிக்குக் கை துறுதுறுத்தது. "நகரும்மா, நான் காட்டுறேன்" என்று சொட்டு விடும் பிப்பெட்டைப் பிடுங்கினார். அதன் நுனி சல்லடையில் இடித்தது.

"சார், நுனி படக் கூடாது சார்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

விருந்தாளிகள் சிரித்தார்கள்.

சாயங்காலம் பார்த்தால் கீழ்க்குழியெல்லாம் மஞ்சள். அவரோ மருந்து இறங்கிவிட்டது என்று குதித்தார்.

"சாயமும்தான சார் இறங்கியிருக்கு? படலம் கிழிஞ்சு போச்சு."

"சாயத்தை எவன் முழுங்கப் போறான்? மருந்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய் அவளே இன்னொரு தட்டு போட்டாள். சாயம் இறங்கவில்லை. மருந்தும் இறங்கவில்லை! கொண்டுபோய்க் காட்டினால், தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, "இன்னைக்குக் கையெழுத்து வரலேன்னா நாளைக்கு நீ வராதே" என்றார் அந்தப் பெரிய மனுஷன்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்" என்றான்.

"நாளைக்கு உன் பொண்ணுக்கே இந்த மாத்திரையைக் குடுப்பாங்கண்ணே. முழுங்குவா, உடம்புல சேராது. அப்பவும் இதையே சொல்லுவியா?"

ஃபோனை வைத்தாள்.

நோட்டைத் திறந்தாள். 'நுனி இடித்துப் படலம் கிழிந்தது. சாயம் கடந்தது. அளந்தது செல்லாது' என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகம் கறுத்தது.

"உன்னை எவன் இதை எழுதச் சொன்னது?"

"கையெழுத்துக் கேட்டீங்க, போட்டுட்டேன்."

வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். அதற்குள் அவர் ஃபோன் செய்துவிட்டார் போல, வாசலில் ஊரே பார்க்கக் காவலாளி மறித்தான்.

"டப்பாவைத் திறம்மா."

திறந்தாள். காலையில் கட்டிய சாப்பாடு, ஒரு வாய் தொடாமல், ஆறிக் கிடந்தது.

"போதுமா? இல்ல, கிளறிப் பாக்கணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். படாரென்று மூடியை அடைத்துவிட்டு வாசலைத் தாண்டினாள்.