ஜீப்புக்கு வைத்த பொட்டு

போன ஆயுத பூஜையன்று என் மருமகள் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். நான் போட்ட சத்தம் அப்படி.

பெரம்பலூரில் என் மகன் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கிவந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் அதைப் பிரித்துப் போட்டு, துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டுவதுதான் அவனுக்குக் கோயில் குளம் எல்லாம். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில் கொள்ளை சந்தோஷம். அன்றைக்குப் பூஜைக்காக ஸ்பேனர்களோடு ஜீப்பின் சாமான் சிலதையும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்திருந்தான். மருமகள் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். சின்னக் கொட்டாங்கச்சி மாதிரி கறுப்பாக ஒரு மூடி இருந்ததே, அதை மல்லாத்தி உள்ளே விரலைக் கொண்டுபோனாள்.

"அதுக்குள்ள வெக்காத தாயி" என்று கத்திவிட்டேன். கிண்ணம் உருண்டது. சந்தனம் முழுக்க என் மகனின் செருப்பில்.

என்னவோ ஏதோ என்று பதறிப்போனார்கள். அவர்களை உட்கார வைத்து நான் சொன்ன கதைதான் இது. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேசுகிற மாதிரியே எழுதினால் அச்சில் நன்றாயிருக்காது என்று திருத்திக்கொள்கிறாள். விஷயத்தில் கைவைக்காத வரைக்கும் எனக்குச் சம்மதம்.

நான் பிறந்தது ஆண்டிமடத்துக்குப் பக்கம். சுற்றிலும் செம்மண், முந்திரிக்காடு. என் அப்பா பட்டாளத்து ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அப்போதே அது கிழடு. மாட்டுக் கொட்டகையில் மாட்டைத் தள்ளிக் கட்டிவிட்டு அதை நிறுத்தினார். காட்டிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றிவரத்தான் வாங்கியது. ஆனால் ஓடுகிற நாளைவிடப் படுத்துக் கிடக்கிற நாள்தான் அதிகம். மெக்கானிக்கைத் தேடி எங்கே போவது? எல்லாம் வீட்டிலேயேதான். சாக்கை விரித்து, கழற்றிய நட்டுகளைக் கொட்டாங்கச்சியில் போட்டு மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். எண்ணெய் ஒழுகுகிற இடத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைப்பார். விடிந்ததும் வண்டிக்கு அடியில் போனால் கால் இரண்டு மட்டும்தான் வெளியே தெரியும். நான் அந்தக் கால்களோடுதான் பேசுவேன்.

அம்மாவுக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே ஆகாது. அதற்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி.

"சோறு ஆறிப் போவுது. சக்களத்தி மடியில படுத்துக் கெடந்தது போதும், எந்திரிச்சு வாங்க" என்பாள்.

"மூத்தவ நீதான், உனக்குத்தான் மரியாத" என்று வண்டிக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

நான் அதுதான் அந்த வண்டியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜெயங்கொண்டத்திலிருந்து பெண் பார்க்கிற விஷயமாகப் பெரிய மனிதர்கள் வந்தார்கள், என் அத்தையைக் கேட்டு. அப்பா எங்கே பாப்பா என்று விசாரித்தார்கள். "சக்களத்தியோட காட்டுக்குப் போயிருக்காரு, இருட்டித்தான் வருவாரு" என்றேன். அவர்கள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அப்படியும் கல்யாணம் நடந்ததே, அது அத்தையின் ராசி.

அந்த அத்தைதான் கல்யாணமான மறுவருஷம் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கி, ஆயுத பூஜையும் வந்தது.

காலையில் அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, அம்மாவின் அரிவாள்மனை, அப்பாவின் ஸ்பேனர்கள் எல்லாம் கழுவி வாழையிலையில் வரிசையாக வைத்தாகிவிட்டது. ஜீப்பைத் தூக்கி இலையில் வைக்க முடியாதே. அதற்காக அப்பா அதிலிருந்து கறுப்பு மூடி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். என் மகன் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்கிறான், வாயில் நுழையவில்லை. அப்பாவுக்கு அது கரண்டு மூடி.

"இதுலேருந்துதான் இஞ்சினுக்குக் கரண்டு பிரிஞ்சு போவுது. வண்டிக்கு மூளை மாதிரி. இன்னிக்கு ஒரு நா சாமிகிட்ட இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மா பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். நான் சந்தனக் கிண்ணம் பிடித்தேன். கரண்டு மூடி வந்ததும் முகத்தைக் கோணினாள். "வருசத்துல ஒரு நா இவளுக்கும் வெச்சுத்தான ஆவணும்" என்று வெளியே விபூதியைப் பட்டையாகப் பூசினாள். மல்லாத்திப் பார்த்தாள். உள்ளே சுற்றிலும் நாலு குமிழ், நடுவில் ஒன்று. "விட்டா கோவிச்சுக்குவா" என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. சொப்புச் சட்டியில் பூ வைத்த மாதிரி.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலையில் திரும்பக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் தொடக்கூடாது. அரிவாள்மனையை லேசாக நகர்த்தியதற்கே அன்றைக்கு அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மதியம் அத்தைக்கு வலி கண்டது. மருத்துவச்சிக் கிழவியை அழைத்துவந்தார்கள். உள்ளே போன கிழவி கொஞ்ச நேரத்தில் ஈரக் கையோடு வாசற்படிக்கு வந்தாள்.

"தம்பி, புள்ள குறுக்க கெடக்கு. எங்கையால ஆவாது. அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. பொழுது சாயற வரைக்கும் தாங்காது."

பண்டிகை நாள். பகல் பஸ் போய்விட்டது, இனிமேல் சாயங்காலம்தான். மாட்டு வண்டியில் அரியலூர் போவதற்குள் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பூஜை இலை முன்னால் போய் நின்றார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எடுங்க. சாமி கேட்டா நாளைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிவாள்மனைக்கு அடித்தவள் இவள்தானா?

அப்பா மூடியின் வெளியே இருந்த விபூதியை வேட்டியால் ஒரு துடை துடைத்து, கொண்டுபோய் மாட்டினார். முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். இருமியது, அடங்கிவிட்டது. திரும்பச் சுற்றினார். அதுவும் இல்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். என்னென்னவோ திருகினார். கையெல்லாம் முழங்கை வரைக்கும் கிரீஸ். உள்ளேயிருந்து "அண்ணி, அண்ணி" என்று அத்தை அலறுவது தெருவுக்கே கேட்டது.

"வண்டி கெளம்புமா, இல்ல மாட்டப் பூட்டச் சொல்லட்டுமா?" என்று கிழவி கேட்டாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு. காலையில கழட்டுனது அந்த மூடி ஒண்ணுதான்" என்று அப்பா யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"ஏங்க, அந்த மூடிக்குள்ள நான் பொட்டு வெச்சிருக்கேன்."

"உள்ளயா?"

"உள்ளதான். நாலுத்துக்கும். நடுவுலயும் ஒண்ணு."

அப்பா திட்டவில்லை. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "கரண்டு போற வழி பூரா ஈரச் சந்தனம்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை. தன் கையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். எல்லாம் கிரீஸ். "நான் தொட்டா இன்னும் கெட்டுப் போவும். நீயே தொடைச்சு எடு" என்று அம்மாவிடம் நீட்டினார்.

கிழவி படியிலிருந்தே பதறினாள். "அடியே, பூசையும் அதுவுமா, கட்டுனவன் எதிர்ல நிக்கிறப்ப, உங்கையால குங்குமத்த அழிப்பியா? அந்தப் புள்ளகிட்ட குடு, அது தொடைக்கட்டும்."

நான் சந்தோஷமாகக் கையை நீட்டினேன். அம்மா என் கையை வெடுக்கென்று தட்டிவிட்டாள்.

"அவ கையால வேணாம். அந்தாண்ட போடி."

பிறகு அவளே துடைத்தாள். காலையில் கட்டிய புதுச் சேலையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பொட்டாக, கடைசியில் நடுவில் இருந்ததையும். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. துடைத்ததை அடுப்படிக்குக் கொண்டுபோய், அப்பளம் வாட்டுகிற மாதிரி தணலுக்கு மேலே காட்டி ஈரத்தைப் போக்கினாள். அப்பா மாட்டிவிட்டு ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜீப் போட்ட உறுமலில் கோழியெல்லாம் கூரைக்குப் பறந்தது.

ஏறவே மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த அம்மா அந்த ஜீப்பில் ஏறினாள். அத்தையின் தலை அவள் மடியில். எதிரில் கிழவி, மூலையில் நான். செம்மண் பள்ளத்தில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா ஒரு கையால் அத்தையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தாலியை எடுத்துக் கண்ணில் வைத்தபடியே வந்தாள். முதல் தடவை ஜீப்பில் போகிறாள், பயம் போல என்று நினைத்தேன்.

நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. ஜாதகத்தில் என்ன பெயரோ, எங்களுக்கு அவள் ஜீப்பாயி. இன்றைக்கு வேப்பந்தட்டையில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் என் போனையே எடுப்பாள்.

அப்புறம் அம்மா அந்த வண்டியைச் சக்களத்தி என்று சொல்லவே இல்லை. "உன் சக்களத்தி இன்னிக்கு எந்திரிக்க மாட்டேங்குறா" என்று அப்பா ஒரு தடவை கேலி பேசினார். "அப்படிச் சொல்லாதீங்க" என்று அவர் வாயைப் பொத்தினாள். அப்பாவுக்கு இன்னொரு சம்சாரம் என்று தன் வாயால் பேர் வைத்த வண்டியின் பொட்டைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள்; அது அவளை எப்படி அறுத்திருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? விளையாட்டு நின்றுவிட்டதே என்றுதான் எனக்கு வருத்தம். அந்த வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் அம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். அவள் பங்கு பணியாரத்தையும் நானே தின்றேன். வெள்ளிக்கிழமை இன்னும் அடிக்கடி வரக் கூடாதா என்றிருக்கும்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாதான் முந்திப் போனாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. அதற்குப் பிறகும் அவர் வெகுகாலம் அந்த ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தார்.

என் கழுத்திலும் தாலி ஏறிய பிறகு ஒரு நாள், குங்குமச் சிமிழைத் திறக்கும்போது, அம்மா என் கையைத் தட்டிவிட்டது திடீரென்று ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு மூடியைத் துடைக்கக்கூட எனக்குத் துப்பில்லை என்று நினைக்கிறாளே என்று, அரியலூர் வரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வந்தேன்.