என் அளவுக்குச் செய்த பெட்டி

இவரைத் தொழிலில் எல்லோரும் கோட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். அதற்குள் பதினோரு இரகசியப் பைகள் இருக்கின்றன. தைத்தது நான். இவர் மேஜிக் செய்கிறவர், நான் இவர் மனைவி, பெட்டிக்குள் படுத்துக் காணாமல் போகிறவள். பத்தொன்பது வருடமாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில் இரகசியத்தை வெளியே சொல்லலாமா என்று இவர் கேட்பார். கேட்கட்டும். கல்யாணமான இரண்டாம் மாதம் என்னைக் கூடத்தில் நிற்கவைத்து நாடாவால் அளந்தார். தோள், இடுப்பு, முட்டியிலிருந்து பாதம் வரை எல்லாம் அளந்தார். எனக்கு ஏதோ துணி தைக்கப்போகிறார் என்று சந்தோஷப்பட்டேன். மூன்று வாரத்தில் ஓர் ஒட்டுப்பலகைப் பெட்டியைச் செய்து முடித்தார். வெளியே சிவப்பு, அதில் தங்கநிற நட்சத்திரங்கள். அடியில் இரண்டு தளம். மேல்தளப் பலகையைத் தூக்கினால் நடுவில் ஒன்றேகால் அடி இடம். ஓரங்களைச் சரித்திருப்பதால் எதிரே இருப்பவர்களுக்கு நாலு விரல் தடிமன்தான் தெரியும். முட்டியை நெஞ்சோடு சேர்த்து, ஒருக்களித்து, மூச்சைப் பாதி விட்டுவிட்டு நான் அதற்குள் போய்விட வேண்டும். பிறகு இவர் முன்கதவைத் திறந்து காலிப் பெட்டியைக் காட்டுவார். சும்மா காட்டிவிட்டு மூட மாட்டார். மெல்லிய இசையோடு பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நாலு நிமிடம். கைதட்டல் எனக்குப் பலகை வழியாகத்தான் கேட்கும்.

இவருக்கு ஒரு சட்டம் உண்டு. மேடையில் ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர் மறுக்கக் கூடாது. என்ன ஆனாலும் சிரித்த முகத்தோடு கூடப் போக வேண்டும். இரண்டாம் வருடம் எனக்கு நல்ல காய்ச்சல். உள்ளே மூச்சு முட்டுகிறது, இன்றைக்குப் பெட்டி வேண்டாம் என்று காலையிலேயே சொன்னேன். சரி என்று தலையாட்டினார். மேடையில் ஏறியதும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்துக் கை நீட்டினார். சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தேன். என் முட்டிகள் இன்று படி ஏறும்போது கறகறவென்று சத்தம் போடுகின்றன. சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும்.

சனிக்கிழமைதோறும் நாங்கள் ஷோ நடத்திய ஹோட்டலில் மேடையை எடுத்துவிட்டுச் சுவர் அகலத்துக்கு டிவி மாட்டினார்கள். மற்ற இடங்களும் ஒன்றொன்றாய்க் கைவிட்டன. எங்களுக்கு வேலை பிடித்துத் தருகிற ஏஜென்ட் தம்பி வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, இப்ப இருக்கறதெல்லாம் பொறந்தநாள் பார்ட்டிதான். சின்னப் பசங்க. அண்ணன்கிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க" என்றான்.

பக்குவமாகத்தான் சொன்னேன். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் என்ன பலூன்காரனா?" என்றார். பிறகு வேறு வழியில்லாமல் சம்மதித்தார். சம்மதித்தாரே தவிர ஒன்றையும் மாற்றவில்லை. அதே கோட்டு, அதே இசை, அதே முறைப்பு. ஐந்து வயதுப் பிள்ளைகள் முன்னால் போய், தூக்குத்தண்டனை சொல்ல வந்த ஜட்ஜ் போல நின்றார்.

ஒரு நாள் பார்ட்டி ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. இருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் பட்டுக் கைக்குட்டையை இடது கைக்குள் திணித்தார், வலது கையை உயர்த்தி அதையே பார்த்தார். பெரியவர்கள் என்றால் மேஜிக்காரர் பார்க்கும் பக்கம் பார்ப்பார்கள். இவர் பிழைப்பே அதில்தான் ஓடியது. பிள்ளைகளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அவர்களுக்கு எதைப் பார்க்கத் தோன்றுகிறதோ அதைத்தான் பார்ப்பார்கள்.

"கோட்டுக்குள்ள போட்டுட்டாரு" என்றாள் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை. திட்டவில்லை, கேலி செய்யவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னாள்.

இவர் வலது புருவம் ஏறியது. அது ஏறினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். விரலை நீட்டி, "நீ எழுந்து வெளிய போ" என்றார்.

பிள்ளை உதடு பிதுங்கி அழுதது. அதைப் பார்த்து இன்னும் நாலு அழுதன. அம்மாக்கள் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தோடு ஷோ முடிந்தது. அன்று மாலையே ஏஜென்ட் தம்பி போன் செய்தான். "இன்னொரு தடவை ஒரு குழந்தை அழுதுச்சுன்னா நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து இவர் யாரைக் குற்றம் சொன்னார் தெரியுமா? என்னை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் அந்தப் பெண்ணுக்கு மறைத்திருக்குமாம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. அதை நடத்துகிற டீச்சரிடம் கேட்டு, ஒரு வாரம் போய் மூலையில் உட்கார்ந்தேன். டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு, "என் கண்ணாடிய எங்க வச்சேன், காணோமே" என்று மேஜைக்கு அடியில் தேடுவார். மொத்த வகுப்பும் கூரை பறக்கக் கத்தும். தினமும் அதே கண்ணாடி, அதே தலை, அதே கூச்சல். ஒரு பிள்ளைக்கும் சலிக்கவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் அவர்களுக்கு.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது இவரிடம் சொன்னேன். "பிடிக்கட்டுங்க. பசங்க உங்கள கையும் களவுமா பிடிக்கட்டும். உங்களுக்குத் தெரியாத மாதிரி நில்லுங்க."

"இருபத்தி ரெண்டு வருஷத்துல என்னை ஒருத்தன் பிடிச்சதில்ல."

"அதனாலதான் சொல்றேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பெட்டிக்குள்ள படுக்கறவளுக்கு மேடையப் பத்தி என்ன தெரியும்?"

அன்று வாயைத் திறந்திருந்தால் பத்தொன்பது வருடமும் ஒரே மூச்சில் வந்திருக்கும். கோட்டில் ஒரு பை கிழிந்து தொங்கியது. தைக்கவில்லை. ஒன்பது நாள் அப்படியே தொங்கவிட்டேன்.

பத்தாவது நாள் அதே மழலையர் பள்ளியில் ஷோ. டீச்சர் எனக்காகக் கொடுத்தது. நாற்பது பிள்ளைகள், பகல் பதினொரு மணி, மேஜை நாற்காலிகளை ஓரம் கட்டிய வகுப்பறை. பெட்டியும் வந்திருந்தது. இவர் ஆரம்பித்தார். கைக்குட்டையைத் திணித்தார், கையை உயர்த்தினார். கிழிந்த பையிலிருந்து கைக்குட்டை வழுக்கி, இவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்தது. "கீழ, கீழ, அங்கிள் கீழ." முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து ஓடிவந்து கைக்குட்டையை எடுத்து நீட்டியது.

புருவம் ஏறியது. விரல் எழ ஆரம்பித்தது.

இந்தக் குழந்தையும் அழுதால் அத்தோடு எங்கள் தொழில் அவ்வளவுதான். எனக்கு அப்போது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முழுக்க முழுக்கக் கோபம். நடுவில் போய் நின்றேன்.

"இன்னிக்கு யாரைக் காணாம போக வைக்கலாம்?" என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

"கோட்டு அங்கிள" என்றார்கள்.

பெட்டியின் கதவைத் திறந்து, இவரைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு கை நீட்டினேன். ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர் மறுக்கக் கூடாது. இவர் போட்ட சட்டம். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனார்.

இவர் தொப்பைக்கும் தோளுக்கும் அந்த ஒன்றேகால் அடி எந்த மூலைக்கு? கையால் அறுத்து, ஆணி அடித்து, வர்ணம் பூசியவர்தான். ஆனால் ஒரு நாள்கூட உள்ளே படுத்துப் பார்த்ததில்லை. எப்படி மடங்க வேண்டும் என்பதே தெரியாது. மூன்று எண்ணிவிட்டுக் கதவைத் திறந்தேன். பலகைக்கு வெளியே ஒரு கால் ஷூவோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க, பெட்டி காலி" என்றேன்.

"கால், கால்" என்று பிள்ளைகள் அலறினார்கள்.

"காலா? எனக்கு ஒண்ணும் தெரியலையே." காலை உள்ளே தள்ளிக் கதவை மூடித் திறந்தேன். இப்போது கை வெளியே வந்தது. கையைத் தள்ளினேன், கோட்டு வால் தொங்கியது. பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். ஒரு சிறுமி வந்து ஷூவைப் பிடித்து இழுத்தாள், அது கையோடு வந்துவிட்டது. அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அப்படி ஒரு கைதட்டலைப் பலகை நடுவில் இல்லாமல் நான் கேட்டது அன்றுதான்.

உள்ளேயிருந்து இவர் குரல் மெதுவாக வந்தது. "முட்டி மாட்டிக்கிச்சு. பலகையத் தூக்கு."

"மூச்ச பாதி விடுங்க. சிரிச்ச முகமா இருங்க" என்றேன். உடனே தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன், மெல்ல. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

டீச்சர் அடுத்த மாதமும் வரச் சொன்னார். பெட்டியில் மாட்டிக்கொள்கிற அங்கிள்தான் வேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். இரண்டு நாளில் ஏஜென்ட் தம்பியும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். இவர் தாங்கித் தாங்கி நடந்தார்.

மூன்றாம் நாள் காலை கூடத்தில் சத்தம் கேட்டுப் போனேன். பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, துளைபோடும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள காத்தே இல்ல. நீ ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னேன். ரெண்டாவது வருஷம். காய்ச்சலோட."

கருவியைப் பலகையில் வைத்து அழுத்தினார். "உனக்காகத்தான் ஓட்டை போடுறேன்" என்றார், தலை நிமிராமல்.

"எனக்கு எதுக்கு? இனிமே உள்ள படுக்கப் போறது நீங்க."

தையல் டப்பாவிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்தேன். கோட்டைக் கழற்றுங்கள் என்றேன். கழற்றினார். கூடத்தின் நடுவில் நிற்கவைத்துத் தோளிலிருந்து அளக்க ஆரம்பித்தேன்.