கிளி செதுக்கிய கைப்பிடி

ஓட்டலில் சமைக்கும் என் மகள் கைவேலைக் கத்தி ஒன்று வாங்கி வந்தாள். காப்பி மரக் கைப்பிடி முழுக்கப் பித்தளைப் பூக்கள். அழுக்காகிவிடுமென்று அதை உறையிலிருந்தே எடுக்கவில்லை.

என் சின்ன வயதில், ஏற்காட்டு எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில், என் அப்பாவும் அம்மாவுக்கு ஒரு கத்தி செய்தார். காப்பிக் கட்டையில் கிளி செதுக்கிக் கைப்பிடி போட்டிருந்தார். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

“ஏனுங்க, இத்தன அழகான கிளியப் புடிச்சுக்கிட்டு வெங்காயம் அரியறதுங்களா?”

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

ஆடியில் பலா பழுத்து வீடே மணத்தது. அம்மா தானாகவே அந்தக் கத்தியை எடுத்து, கிளிக்கும் சேர்த்துத் தேங்காயெண்ணெய் தடவிப் பழத்தைப் பிளந்தார். அப்படியும் கிளி மூக்கில் பால் ஒட்டிக்கொண்டது.

“நமக்கு முந்தி உன்ற கிளி தின்னுருச்சு பாரு!” என்று அப்பா சிரித்தார்.

இன்று மகள் முன்னால் ஒரு பலாப்பழத்தையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்தேன்.

“பூவுக்கும் தடவு, கண்ணு.”

உறையைக் கழற்றினாள். சற்று நேரத்தில் பூவெல்லாம் பலாப்பால்.