ஜன்னலோரம் நின்றவன்

என் இளைய மகளுக்கு வீட்டு புரோக்கர்கள் வைத்த பெயர் ஸ்டாண்டம்மா. விற்கப்போகும் வீடுகளைப் படமெடுப்பது அவள் பிழைப்பு. கேமராவைத் தாங்கும் மூன்றுகால் ஸ்டாண்டு தோளில் இல்லாமல் அவளை ஒருவரும் பார்த்ததில்லை. காலி வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆம்பிளைகளோடு அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று நானும் கூடவே போவேன். யார் தடுத்தாலும் கேட்பதில்லை.

அன்றைக்குப் போன கட்டிடத்தில் பன்னிரண்டு வீடு. முதல் வீட்டு ஹாலை யார் நன்றாக எடுக்கிறார்களோ அவர்களுக்கே மீதி பதினொன்றும் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். மகளுக்கு இரண்டு மாதமாக வேலையே இல்லை. இதுவும் கைநழுவினால் கேமராவை விற்றுவிட வேண்டியதுதான் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். போட்டிக்கு வந்தவன் அந்தக் கட்டிடத்தை விற்றுத்தரும் புரோக்கரின் மச்சான். செல்போனில் நாலு தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

சண்டைக்கார ஹால் அது. மூன்று பக்கமும் கறுத்த மரப்பலகை. எதிரே ஆள் உயர ஜன்னல், அதில் கண் கூசும் வெயில். ஜன்னலுக்குப் பார்த்து எடுத்தால் ஹால் குகை. ஹாலுக்குப் பார்த்து எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளைத் துணி. அதற்குத்தான் ஒரே இடத்திலிருந்து மூன்று படம் எடுப்பாள்: வெயிலுக்கு ஒன்று, நடுவாந்தரமாக ஒன்று, இருட்டு மூலைக்கு ஒன்று. பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாக்குவாள்.

ஸ்டாண்டை விரித்து ஒவ்வொரு காலடியிலும் டேப் ஒட்டினாள். வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் ஐஎஸ்ஓவை ஆகக் குறைத்தாள். லென்ஸின் திறப்பை எட்டில் நிறுத்தினாள். அது மாறவே கூடாது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் மாறும். ஃபோகஸை ஒருதரம் பிடித்து, தானாக ஓடாதபடி பூட்டினாள். விரல் பட்டு ஆடாமலிருக்க இரண்டு விநாடி டைமர்.

“அண்ணே, மூணு படமும் முடியற வரைக்கும் யாரும் குறுக்க வரக்கூடாது. கொஞ்சம் வெளியே நில்லுங்க.”

புரோக்கர் நேரே போய் ஜன்னலோரம் நின்றான்.

“ஒரு சுவரை எடுக்க மூணு படமா? இதென்ன கல்யாணப் பொண்ணா?”

“ஆள் அசைஞ்சா புகை மாதிரி பாதி ஆளா விழுவீங்கண்ணே.”

“விழட்டுமே. சாவி என்கிட்ட இருக்கு, நான் நிக்கிற இடத்துல நிப்பேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன்டா, உன் மச்சான் எடுக்கும்போது மட்டும் வாசல்ல போய் நின்னியே?”

“பாட்டி, வாயை மூடிக்கிட்டு உட்காருங்க. நீங்க மூச்சு விட்டாலும் படம் ஆடிடப் போகுது.”

மகள் என்னைக் கையமர்த்திவிட்டு மூன்று படம் எடுத்தாள். அவன் ஜன்னலுக்கு இடப்பக்கம் நின்றிருந்தான். மறுபடி மூன்று, வலப்பக்கம் வந்தான். மறுபடியும், கதவில் போய்ச் சாய்ந்தான். போகிற போக்கில் ஸ்டாண்டின் காலையும் இடறிவிட்டு, “அடடா” என்று சிரித்தான். அவள் காலை டேப் அடையாளத்தில் திரும்ப வைத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இன்னும் மூன்று எடுத்தாள்.

“போச்சா?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“அந்த ஆளுக்கு ஒரே இடத்துல நிக்கத் தெரியலைம்மா. அது போதும்.”

மூன்றாம் நாள் அதே ஹாலில் வீட்டுக்காரம்மா இரண்டு படத்தையும் லேப்டாப்பில் வைத்துப் பார்த்தார். மச்சான் படத்தில் ஜன்னல் வெளுத்து எரிந்து கிடந்தது. மகள் படத்தில் பலகையின் ரேகையும் தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே மரத்தின் இலையும் தெரிந்தது. புரோக்கர் குனிந்து குனிந்து தேடினான்.

“நான் அங்கதானே நின்னேன்? நான் எங்க?”

“இடப்பக்கம் நின்னப்போ வலப்பக்கம் காலி. வலப்பக்கம் நின்னப்போ இடப்பக்கம் காலி. காலியா இருந்ததை மட்டும் சேர்த்துக்கிட்டேன்” என்றாள். ‘அண்ணே’ அதில் இல்லை.

“மீதியும் இவங்களே எடுக்கட்டும். நீங்க வந்து கதவைத் திறந்து விடுங்க” என்று வீட்டுக்காரம்மா அவனிடம் சொன்னார்.

இப்போது ஏழாவது வீடு நடக்கிறது. ஸ்டாண்டு விரிந்ததும் அவன் சாவிக்கொத்தோடு மாடிப்படிக்குப் போய்விடுகிறான். அவனுக்கும் மகளுக்கும் பேச்சு கிடையாது. கதவை ஒட்டிய படியில் நான் நட்டநடுவே உட்கார்ந்திருப்பேன். உள்ளே வர வழி கேட்டு அவன் எத்தனை தரம் தொண்டையைக் கனைத்தாலும் மூன்று படமும் முடியாமல் நகர மாட்டேன்.