சாமந்தி மாலையின் எடை

இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாதி என் மேல், பாதி என் மேலதிகாரி மேல்.

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. செங்கல்பட்டிலிருந்து தினமும் ஆபீஸ் பஸ். நீராவிக் குழாய்க்கான எஃகு எத்தனை வருடம் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சூட்டில் பாரம் தாங்கும் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டே போய், ஒருநாள் அறுந்துவிடும். அந்த நாளுக்காக யார் காத்திருப்பது? சூட்டைக் கூட்டிச் சில வாரங்களில் அறுந்துபோக வைத்து, அதிலிருந்து கோடு இழுத்துக் கணக்குப் போடுவோம்.

ஒரு எஃகுக்கு என் கோடு குறைந்த ஆயுளைக் காட்டியது. "உங்க கோடு சரியில்லம்மா" என்றார் மேலதிகாரி. சரி, குழாய் ஓடும் சூட்டிலேயே ஒரு துண்டைத் தொங்கவிட்டுக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். பென்சில் கனத்தில் துண்டு, சுற்றிலும் உலை, மேலே நெம்புகோல் மாதிரி ஒரு நீளக் கை, அதன் நுனியில் எடைக்கற்கள். அந்தப் பாரத்துக்கு, விற்க வந்த கம்பெனி சொன்னது ஆறு வருடம். நான் சொன்னது மூன்று.

மூன்று வருடம் அந்த மெஷின் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. பக்கத்தில் சாய்ந்து நின்றதற்கே டெக்னீஷியனைத் திட்டியிருக்கிறேன். "இன்னா மேடம், உள்ள கொயந்த தூங்குதா?" என்பார். அப்பேர்ப்பட்ட நான் மூன்றாம் வருட ஆயுத பூஜையன்று என்ன செய்தேன்? எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ. என்னுடையது மட்டும் மொட்டையாக நின்றது. மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த சாமந்தி மாலையை அந்தக் கையின் நுனியில் நானே மாட்டினேன். சாயங்காலம் எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் துண்டு அறுந்தது. நான் சொன்ன மாதத்தில்தான்.

"மாலை போட்டது நீங்கதானே? டெஸ்ட் செல்லாது" என்றார் மேலதிகாரி. பஸ் ஸ்டாண்டில் அதே அளவு மாலை வாங்கிவந்து லேப் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அந்தக் கை எடையைப் பத்து மடங்காக்கும். அப்படியும் ஒரு பகல் தொங்கிய மாலையால் சில நாள் குறையலாமே தவிர, மூன்று வருடம் குறையாது. எழுதிக் கொடுத்தேன். "பூவுக்கெல்லாம் கணக்கா?" என்று சிரித்தார். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய் வாங்கக் கையெழுத்துப் போட அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதைத் தேடிப் போய்க் கொடுத்த மடச்சி நான்.

"வுடுங்க மேடம், இன்னொரு தபா பாத்துடலாம்" என்றார் டெக்னீஷியன். மறுபடி ஒரு துண்டைத் தொங்கவிட்டோம். அடுத்த பூஜைகளில் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டது என்று பேசினார்கள். பேசட்டும்.

அதுவும் மூன்று வருடத்தில் அறுந்தது. முதல் துண்டுக்கும் இதற்கும் ஐந்து நாள்தான் வித்தியாசம். அறுந்த துண்டுகளை மேலதிகாரி மேஜையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தடவை மாலை எதுவும் போடலையே?"

"இல்ல சார்" என்றேன். அந்த எஃகுக் குழாய்களில் நீராவி ஓட ஆரம்பித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.