இன்ஸ்பெக்டரம்மா வாய் திறக்கவில்லை

முதலில் வாயைத் திறப்பவர் மாஸ்டர்தான். கரண்டி கிண்ணத்தை விட்டுக் கிளம்பியதுமே அவர் வாய் தானாகப் பிளந்துகொள்ளும். புருவங்கள் நெற்றிக்கு ஏறும். நாக்குகூட லேசாக எட்டிப் பார்க்கும். எதிரே, உயர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஏழு மாத மகள் அந்த வாயை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருப்பாள். தன் வாயை மட்டும் திறக்கமாட்டாள். கரண்டி அவள் உதட்டருகே போய் நின்று, காத்திருந்து, ஆறி, கடைசியில் எந்த வாய் திறந்திருக்கிறதோ அதற்குள்ளேயே போய்ச் சேரும்.

"என்ன பண்றது, கீழ கொட்டவா முடியும்?" என்பார் மாஸ்டர், மென்றபடி. மகளுக்கென்று மசிக்கப்பட்ட கேரட்டும் ஆப்பிளும் உருளைக்கிழங்கும் அப்பாவின் உடம்பில்தான் ஒட்டியிருக்கின்றன. காரில் சீட் பெல்ட்டைச் சற்றே இழுத்துத்தான் மாட்ட வேண்டியிருக்கிறது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அந்த வட்டாரத்தில் அவர் பொறுமைக்குத் தனிப் பெயர் உண்டு. கற்றுக்கொள்ள வந்த ஒருவர் முதல் நாளே காரைப் பயிற்சிப் பள்ளியின் சுவரில் கொண்டுபோய் முட்டியபோது, இறங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், சுவர் எங்க இருக்குன்னு இனிமே உங்களுக்கு மறக்காது" என்று சொன்னவர். குரல் உயராது. முகம் கோணாது. அந்த முகம் இப்போது ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கண்டாலே வியர்க்கிறது.

மகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டரம்மா. "லைசென்ஸ் குடுக்கிற ஆபீசர் இப்படித்தாங்க பாப்பாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. ஆனா நாம ஃபெயில்னு நமக்கே தெரிஞ்சுடும்."

மனைவி வேலைக்குப் போகிற பகல் நேரம் முழுவதும் மகள் அவர் பொறுப்பு. வகுப்புகளையெல்லாம் மாலைக்கு மாற்றிக்கொண்டார். பால் புட்டியைக் கொடுத்தால், சுருட்டுப் பிடிக்கும் பெரியவரைப் போல ரப்பரை உதட்டோரத்துக்கு ஒதுக்கி, யோசித்து, துப்பிவிடுகிறாள். கரண்டியைக் காட்டினால் பூட்டு. அவரும் தனக்குத் தெரிந்த வித்தைகளை எல்லாம் இறக்கிப் பார்த்துவிட்டார். இரண்டு கைகளையும் வைப்பர் போல ஆட்டினார். இண்டிகேட்டர் மாதிரி நாக்கால் 'டிக் டிக்' என்றார். பெரிய லாரி ஒன்று மலையேறுவதை உச்சக்கட்ட மூச்சுத் திணறலோடு நடித்துக் காட்டினார். மகள் தோள் குலுங்கச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டே சிரிப்பது எப்படி என்பதை அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருமுறை கொட்டாவி வரும் நேரம் பார்த்துக் கரண்டியை உள்ளே விட்டார். அன்று அவர் போட்டிருந்த சட்டை இன்னும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கிறது.

சிரிப்பெல்லாம் எடை பார்க்கும் இடத்தில் நின்றுவிட்டது. போன தடவை எங்கே நின்றதோ அங்கேயே நின்றது முள். "குழந்தை நல்லாத்தான் இருக்கா. ஆனா பகல்லயும் ஏதாவது உள்ள போகணும். அடுத்த தடவை பாப்போம்" என்றார் டாக்டர். அந்த 'பாப்போம்' வீடு வரை கூடவே வந்தது.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இப்போதுதான் ஒரு பிரிவையே அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். "யார் யார் நரம்பையோ ஒரே குத்துல கண்டுபிடிக்கிறேன். என் பிள்ளை ஏன் சாப்பிடலைன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல" என்றாள் முகம் கழுவிக்கொண்டே. பிறகு துண்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "அடுத்த தடவையும் எடை ஏறலைன்னா நான் வேலையை விட்டுடறேங்க."

அந்தப் பதவிக்காக அவள் பட்ட பாடு மாஸ்டருக்குத் தெரியும். மறுநாள் கேரட்டை இன்னும் கொஞ்சம் அதிகமாக மசித்தார். அதைத் தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றைக்குப் பார்த்து மருந்துக்கடை அம்மா வீடு தேடி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிக் கார் கற்றுக்கொள்ள வந்தவர். இன்னும் ஸ்டியரிங்கைக் கிணற்றுக் கயிறு மாதிரி இறுகப் பிடிப்பவர்.

"நான் நிறுத்திக்கிறேன் மாஸ்டர். எனக்கு இது ஒத்து வராது."

மகளின் நாற்காலிப் பலகையில் கிண்ணத்தை வைத்துவிட்டு மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? இவ்வளவு தூரம் வந்துட்டு? நான் எப்பவாவது உங்களைத் திட்டியிருக்கேனா?"

"திட்டினாக்கூடத் தேவலையே! நீங்க என் கையையே பாக்கறீங்க. மூச்சை வேற பிடிச்சுக்கறீங்க. நான் கியர் மாத்தறதுக்கு முன்னாடியே உங்க கை மாத்துது. அன்னிக்கு உங்களுக்கு போன் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க, ஞாபகம் இருக்கா? அந்த வளைவை நான் அவ்வளவு அழகா திருப்பினேன். நீங்க பாக்கவே இல்ல."

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு குற்றச்சாட்டை அவர் கேட்டதில்லை. மறுத்துப் பேச வாயெடுத்தார். அதற்குள் மருந்துக்கடை அம்மாவின் கண்கள் அவர் தோளைத் தாண்டிப் போய் நின்றன. குரல் தாழ்ந்தது.

"மாஸ்டர். திரும்பாதீங்க."

"ஏன், என்னாச்சு?"

"திரும்பாதீங்கன்னா திரும்பாதீங்க. கிண்ணத்துல கையை விட்டுட்டா."

மாஸ்டர் நின்ற இடத்தில் கம்பமானார். மருந்துக்கடை அம்மா கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்தி வாசித்தார். "அள்ளிட்டா... மூக்குல போச்சு... இந்தத் தடவை கன்னம்... போயிடுச்சு! வாய்க்குள்ள போயிடுச்சு மாஸ்டர்! சப்புறா!"

தாங்கமுடியாமல் மாஸ்டர் கழுத்தை ஒரு நூல் அளவு திருப்பினார். உடனே பின்னால் சப்புகிற சத்தம் நின்றது. "கெடுத்தீங்களே!" என்று பல்லைக் கடித்தார் மருந்துக்கடை அம்மா. மாஸ்டர் அவசரமாகச் சுவர்க் கடிகாரத்துக்கு முகத்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தச் சத்தம், ஈரமாக, முழு ஈடுபாட்டோடு. சுவரைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். "சளி" என்றார், யாரும் கேட்காமலே.

அதன் பிறகு பாடம் நடக்கும்போது அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்க்கிறார். அது அவருக்குப் பெரிய தண்டனை. தொடையில் கையை ஊன்றிக்கொண்டு, தெருவில் போகிற கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிக்கிறார். மருந்துக்கடை அம்மா இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். இன்ஸ்பெக்டரம்மாவின் எடை முள் கொஞ்சம்போல நகர்ந்தது. டாக்டர் "பாப்போம்" என்று சொல்லவில்லை.

ஆனாலும் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவைக் கண்டால் மகளுக்குத் தாய்ப்பால்தான் வேண்டும். ஆகவே அவள் இதைக் கண்ணால் கண்டதே இல்லை. "நீங்களே தின்னுட்டு எங்கிட்டக் கதை விடறீங்க."

"சரி, வந்து உக்காரு. ஆனா அந்தப் பக்கம் பாத்து."

விடுமுறை நாள் காலையில், மசித்த வாழைப்பழத்தை மகள் முன்னால் வைத்துவிட்டு, இருவரும் அவளுக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். எதிரே வெறும் சுவர். பின்னால் கிண்ணம் இழுபடும் ஓசை. ஒரு தும்மல். பிறகு, சப்... சப்... சப்.

மனைவியின் விரல்கள் அவர் முழங்கையை இறுகப் பிடித்தன. "ஏங்க, நிஜமாவே..." என்று அவள் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது. மாஸ்டர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அவள் மோவாயைத் தொட்டு, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.