ஜன்னலோரம் வைத்த மீன்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது. நான்காவது கரண்டியை விழுங்கியதும் மகளின் உதட்டைச் சுற்றிச் சிவந்தது. சோறு சூடோ என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். இல்லை. சிவப்பு கன்னத்துக்கும் காதுக்கும் ஏறியது. பிறகு வாந்தி.

அவளுக்கு அப்போது பதினோரு மாதம். எனக்கு நாற்பத்து நான்கு வயது. திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள். மஸ்கெலியாவுக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. கணவருக்குக் கொழும்பில் வேலை. வளர்ச்சி அட்டையில் மகளின் எடைக் கோடு மூன்று மாதமாக ஏறவில்லை. மீனை முள் இல்லாமல் மசித்துக் கொடுக்கும்படி, பிள்ளைகளின் எடை பார்க்க வரும் குடும்பநல மாது சொல்லிக்கொண்டே இருந்தார். முள்ளுக்குப் பயந்து நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று காலை ஏழரைக்கு, பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வந்தார். கெலவல்லா என்ற சூரை மீனில் நடுத்துண்டு வாங்கினேன். எனக்கு மேலதிக வகுப்பு இருந்தது. வீட்டில் பிரிட்ஜ் இல்லை. துண்டைத் தட்டால் மூடிப் பின் ஜன்னலோரம் வைத்தேன். கொழுந்து பறிக்கக் கிளம்பிய பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா டீச்சர், தட்டு போதுமா? போர்வையப் போத்தி விடுங்க, மீனு நடுங்குது."

"பூனை வந்துரும் அக்கா."

"பூனையா? இந்தக் குளிருக்கு அது அடுப்ப விட்டு எந்திரிக்குமா!"

மகளைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டு வகுப்புக்குப் போனேன். அவளோடு வீடு திரும்பியபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. மீனை நன்றாக அவித்தேன். தோலை உரித்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, விரல்களுக்கிடையே மூன்று தடவை நசுக்கிப் பார்த்தேன். உப்பு, மிளகாய் இல்லாமல் சோற்றோடு பிசைந்தேன். ஒரு முள் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வாந்தி எடுத்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தோட்டத்து மருந்தகம் பூட்டியிருந்தது. இரண்டு ஆட்டோக்களும் ஹட்டனுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தன. அம்புலன்ஸை அழைத்தேன், மண் சரிந்த பாதையைச் சுற்றி வர வேண்டும் என்றார்கள். குடும்பநல மாதுவுக்குப் போன் செய்து, மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அழுதேன். அவர் முள்ளைப் பற்றிக் கேட்கவில்லை.

"எத்தன மணிக்கு வாங்கினீங்க? ஐஸ்ல வச்சீங்களா?"

"காலையில, மிஸ். ஜன்னல்கிட்ட வச்சேன். குளிருதானே?"

அவர் அவசரமாகச் சொன்னார்.

"அந்தக் குளிரு மீனுக்குக் காணாது டீச்சர். ஐஸ் இல்லாட்டி கெலவல்லால நஞ்சு ஊறும். அவிச்சாலும் போகாது. பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒன்னும் குடுக்காதீங்க. மூச்சப் பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சை எண்ணத் தொடங்கினேன், எண்ணிக்கை தவறிற்று. பக்கத்து வீட்டு அக்கா வேலை முடிந்து ஓடி வந்து, கண் பட்டிருக்கிறது என்று காய்ந்த மிளகாயைச் சுற்றிப் போட்டார். நான் தடுக்கவில்லை. மகள் அழுகையை நிறுத்தினாள். அழுததைவிட அதுதான் பயமாக இருந்தது.

இன்று அவள் உயிரோடு இருக்கிறாள். அதற்குமேல் நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. எடைக் கோடு இன்னும் கீழேதான். ஐஸில் வைத்த மீனாகப் பார்த்து, வாங்கியவுடன் சமைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். வாங்குகிறேன், சமைக்கிறேன். கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனதும் கை நின்றுவிடுகிறது. இதைக் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

அன்று ஐந்தேகாலுக்குத்தான் அம்புலன்ஸ் வந்தது. நரைத்த தலையோடு ஒரு சிங்கள மருத்துவ உதவியாளர் இறங்கினார். மகளின் விரலில் ஒரு கருவியைப் பொருத்தி, மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிழைப்பாளா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தூக்கினார்.

"மூச்சு இருக்கு, அம்மா. நாடிதான் ரொம்ப வேகம். ஒன்னும் ஆகாதுன்னு சொல்ல எனக்கு ஏலாது. ஏறுங்க."